மின்காரின் மோட்டார் எவ்வளவு காலம் உழைக்கும்?

கோயம்புத்தூரில் தயாராகும் 5 எச்பி பம்ப் மோட்டாரின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, காயிலின் இன்சுலேஷன் எந்த வகுப்பு, நாள் முழுவதும் நிறுத்தாமல் ஓட்டலாமா என்பதெல்லாம் அதில் பொறித்திருக்கும். வாங்கும் விவசாயி அதைப் படிக்காமல் போகலாம். பின்னாளில் காயில் கட்டுகிறவர் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார். பதினைந்து, இருபது லட்சம் கொடுத்து வாங்கும் மின்காரின் விளம்பரத் தாளிலோ மோட்டாரைப் பற்றி வழக்கமாக இரண்டே எண்கள்தாம்: இத்தனை கிலோவாட் திறன், இத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. கூடவே ‘ஐபி 67’ என்று ஒரு வரி. மோட்டார் எத்தனை ஆண்டு உழைக்கும், அதில் எது முதலில் கெடும், கெட்டால் யார் சரிசெய்வார் என்று கேட்டால் அந்தத் தாளில் பதில் கிடையாது.

கடந்த பதினைந்து ஆண்டு அனுபவத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. செம்பும் இரும்பும் காந்தமுமான அந்த மோட்டார் காரிலுள்ள மற்றெல்லாப் பொருள்களையும்விட உறுதியானது. கெடுவது அதை ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள். அவற்றை மாற்றுவதற்குப் பதிலாக முழுத் தொகுதியையும் கழற்றிப் புதிதாக வைக்கும் வழக்கம்தான் இன்றைக்கு மின்கார்களின் பெரிய பலவீனம் என்பது என் கருத்து.

முதலில் அந்த இரண்டு எண்கள். விளம்பரத்தில் வரும் கிலோவாட் உச்சத் திறன். மிகக் குறுகிய நேரத்துக்கு மோட்டார் தரக்கூடியது. அதே திறனை இடைவிடாமல் கேட்டால் காயில் சூடேறும், கட்டுப்பாட்டு மென்பொருள் தானாகவே திறனைக் குறைத்துவிடும். அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனை அளப்பதற்கு ஐ.நா. வாகன விதி 85இல் தனிச் சோதனை உண்டு. அதே அளவீட்டுக்கான இந்தியத் தரநிலை ஏஐஎஸ் 041. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காரை 150 கிலோவாட் என்று விற்கிறார்கள். ஜெர்மனியின் வாகனப் பதிவுச் சான்றிதழிலோ அந்த வகைக்கு 70 கிலோவாட் என்றுதான் பதிவாகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. செம்பும் இரும்பும் மெதுவாகவே சூடாகும். அந்த இடைவெளியில் தன் நிரந்தரத் திறனைப் போல இரண்டு மடங்கைத் தர முடிவது மின்மோட்டாரின் சிறப்பு. பெட்ரோல் எஞ்சினால் அது முடியாது. ஆனால் இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு விற்பதுதான் முறை.

மலைப்பாதையில் மோட்டார் திணறிவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டால் பயம் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நான்கு பேருடன் 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 7 யூனிட். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரம் ஏறினால், சாலை உராய்வையும் சேர்த்துச் சராசரியாகப் பத்து, பன்னிரண்டு கிலோவாட்தான் தேவைப்படும். 95 கிலோவாட் என்று விற்கும் மோட்டாருக்கு அது பெரிய சுமையே அல்ல. மோட்டாரை உண்மையில் வாட்டுவது ஜெர்மனியின் விரைவுச் சாலைகளில் 150, 160 கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் ஓடுவதும், பந்தயத் தடத்தில் திரும்பத் திரும்ப உச்சத் திறனைக் கேட்பதும்தான். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் அந்தத் திறன் மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

முறுக்குவிசை எண்ணும் தனியாகப் பார்த்தால் அதிகம் சொல்லாது. முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்காரில் 95 கிலோவாட், 245 நியூட்டன் மீட்டர். அதாவது சுமார் 3,700 சுற்று வரை முழு முறுக்குவிசை கிடைக்கும். அதற்கு மேல் திறன் மாறாமலிருக்க, முறுக்குவிசை குறைந்துகொண்டே போகும். நகரத்துக்குள் சிக்னலில் சீறிப் புறப்படும் கார், நெடுஞ்சாலையில் முந்தும்போது சற்று மந்தமாகத் தோன்றுவது இதனால்தான். டொயோட்டா பிரியஸின் கதையும் இங்கே பொருந்தும். 2004 மாடலின் மோட்டார் 50 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர், அதிகபட்சம் 6,000 சுற்று. 2010 மாடலில் 60 கிலோவாட், ஆனால் 207 நியூட்டன் மீட்டர்தான். எண் பாதியானதால் வண்டி வலுவிழக்கவில்லை. மோட்டாரை 13,500 சுற்று வரை வேகமாகச் சுழலவிட்டு, இடையில் பல்சக்கரம் வைத்துச் சக்கரத்துக்குத் தேவையான விசையை எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் சிறிதாயிற்று, செம்பும் காந்தமும் மிச்சமாயின. பல்சக்கர விகிதத்தைச் சொல்லாமல் நியூட்டன் மீட்டரை மட்டும் வைத்து இரண்டு கார்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

மோட்டார் சுழலும் இந்த வேகம்தான் நம்பகத்தன்மைக் கேள்வியைக் கொண்டுவருகிறது. பம்ப் மோட்டார் 1,500 அல்லது 3,000 சுற்றுக்குள் ஓடுகிறது. ஃபோக்ஸ்வாகன் தன் காசல் ஆலையில் செய்யும் ஏபிபி 310 மோட்டார் 16,000 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் பேரிங்கும் ஆயில் சீலும் படும் பாடு வேறு.

மோட்டார் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரில் முதலில் இருந்தது கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டார். தேயும் பிரஷ்ஷைத் தவிர்க்கவே பின்னாளில் அதுவும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு மாறியது. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் தந்த இவி1, 2012இன் டெஸ்லா மாடல் எஸ், ஆடி இ-ட்ரான் ஆகியவை இண்டக்‌ஷன் வகை: காந்தம் இல்லை, பிரஷ் இல்லை, முரட்டு உழைப்பு. ஆனால் சுழலும் பாகமான ரோட்டாரே சூடாகும். 2010இன் நிஸான் லீஃப், 2017இன் டெஸ்லா மாடல் 3, இன்றைக்கு இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மின்கார்கள் எல்லாம் நிரந்தரக் காந்த வகை. ரெனோ ஸோயியும் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்3யும் காந்தத்துக்குப் பதில் ரோட்டாரிலேயே காயில் சுற்றி, பிரஷ் வழியாக மின்சாரம் செலுத்துகின்றன. பிரஷ் திரும்ப வந்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. அதில் ஓடுவது ரோட்டாரைக் காந்தமாக்கத் தேவையான சிறு மின்னோட்டம்தான். பழைய டிசி மோட்டாரைப் போல முழுச் சுமையும் பிரஷ்ஷின் தலையில் விழுவதில்லை.

காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நியோடிமியக் காந்தத்தை உருவாக்கினார்கள். அதன் பலவீனம் வெப்பம். சாதாரண வகை 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். காருக்குள் 150, 180 டிகிரி வரை தாங்க வேண்டுமானால் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கனரக அரிமண் தனிமங்களைக் கலக்க வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா இவற்றின் ஏற்றுமதிக்கும் இவை கலந்த காந்தங்களின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகனத் தொழில் தடுமாறியது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் அரிமண் கனிமமான மோனசைட் இருப்பது 1909ஆம் ஆண்டிலிருந்தே தெரிந்த விஷயம். பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் அங்கே மணல் பிரித்தெடுக்கிறது. மோனசைட்டில் நியோடிமியம் கிடைக்கும், டிஸ்ப்ரோசியம் சொற்பம். ஆகவே இந்தியாவுக்கு உள்ள இயல்பான வழி, டிஸ்ப்ரோசியத்தைக் குறைத்த காந்தம்தான். 2016இலேயே ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் கனரக அரிமண் இல்லாத காந்தத்தை ஹைபிரிட் காரில் பயன்படுத்திக் காட்டின. ஆனால் அப்படிச் செய்யும்போது வெப்பத்தைத் தாங்கும் இடைவெளி சுருங்குகிறது. குளிர்விக்கும் ஏற்பாடு அந்த அளவுக்குப் பிசகில்லாமல் இருந்தாக வேண்டும். மூலப்பொருள் அரசியல் கடைசியில் கூலன்ட் பம்ப்பில் வந்து நிற்கிறது.

இனி, எது கெடுகிறது? ஆலை மோட்டார்களைப் பற்றி 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், பழுதுகளில் பத்துக்கு நான்கு பேரிங்கிலிருந்து வந்ததாகக் காட்டின. அடுத்த இடம் காயிலுக்கு. மின்காரிலும் பேரிங்தான் முதலில் கவனிக்க வேண்டியது, அதுவும் நம் பட்டறைகளுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு காரணத்தால். பேட்டரியின் டிசி மின்சாரத்தை மோட்டாருக்கான மும்முனை ஏசியாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர், நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. அந்தத் துடிப்புகளால் ரோட்டார் தண்டில் ஒரு வோல்டேஜ் ஏறும். அது பூமிக்கு வழி தேடும்போது பேரிங்கின் கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எஃகு உருகி ஒரு குழி விழும். கோடிக்கணக்கான குழிகள் சேர்ந்ததும் பேரிங்கின் வளையத்தில் வரிவரியாகப் பள்ளம் தெரியும், வண்டியில் முனகல் கேட்கும். இதற்கு மருந்து உண்டு. எஃகு உருண்டைகளுக்குப் பதில் மின்சாரம் கடத்தாத சிலிக்கான் நைட்ரைடு பீங்கான் உருண்டைகள் உள்ள பேரிங் போடலாம்; அல்லது தண்டில் உரசி மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் வளையம் வைக்கலாம். இவை இருக்கின்றனவா என்று விளம்பரத் தாளில் ஒரு வரி சேர்த்தால், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்ற வரியைவிட வாங்குகிறவருக்கு உதவும்.

டெஸ்லா மாடல் எஸ் காரின் ஆரம்பகால வரலாறு இந்தக் கேள்வி முழுவதற்கும் ஒரு பாடமாக இருக்கிறது. 2012, 2013 கார்களில் முனகலும் அரவைச் சத்தமும் வருவதாகப் புகார்கள் குவிந்தன. சர்வீஸ் மையங்கள் மோட்டார், பல்சக்கரம், இன்வெர்ட்டர் மூன்றும் ஒன்றாக அடங்கிய தொகுதியை அப்படியே மாற்றிக் கொடுத்தன. 2014இல் ஈலான் மஸ்க் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, மாற்றிய தொகுதிகளில் பலவற்றில் உண்மையான கோளாறு வேறு என்றார்: சிலவற்றில் அதிர்ந்துகொண்டிருந்த ஒரு கேபிளைக் கட்டினால் போதும், சிலவற்றில் டிஃபரன்ஷியலில் அரை டாலர் பெறாத ஒரு மெல்லிய தகடு வைத்தால் போதும். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தொகுதிக்கு எட்டு ஆண்டு, கிலோமீட்டர் வரம்பில்லாத வாரண்டி அறிவித்தார்கள். அப்படியும் 2015 அக்டோபரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், நம்பகத்தன்மை போதவில்லை என்று அந்தக் காருக்கான பரிந்துரையை விலக்கிக்கொண்டது. பிறகு இன்னொரு குறை வெளிப்பட்டது. அந்த மோட்டாரில் ரோட்டாரைக் குளிர்விக்க, தண்டின் உட்புறத்தில் கூலன்ட் ஓடுகிறது. சுழலும் தண்டுக்கும் நிலையான குழாய்க்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால் கூலன்ட் மோட்டாருக்குள் கசியும். அங்கிருந்து இன்வெர்ட்டர் வரை போய் எல்லாவற்றையும் பாழாக்கும். மாடல் 3இல் ரோட்டாரைக் குளிர்விக்கும் வேலையை எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டார்கள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, கசிந்தாலும் ஷார்ட் ஆகாது. எளிய மாற்றம்தான், ஆனால் மோட்டாரின் ஆயுளுக்கு எந்தக் காந்த வகையையும்விட அது பெரிய நன்மை என்று நினைக்கிறேன்.

காயிலின் ஆயுள் வெப்பத்தோடு கட்டுண்டது. பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் நெடுநாள் கணக்கு. எச் வகுப்பு இன்சுலேஷன் 180 டிகிரி வரை தாங்கும். சாதாரண ஓட்டத்தில் காயில் அந்த எல்லையை நெருங்குவதே இல்லை, அதனால்தான் காயில் கருகிப்போன மின்கார் அபூர்வம். 800 வோல்ட் கார்களும் சிலிக்கான் கார்பைடு இன்வெர்ட்டர்களும் வரும்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. வோல்டேஜ் மிக வேகமாக ஏறி இறங்குவதால் வார்னிஷ் படலத்தின் நுண்ணிய வெற்றிடங்களில் பொறி பறந்து, மெல்ல மெல்ல அரித்துவிடும்.

சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர்க் கவலை. 2015 டிசம்பரையும், 2023இல் மிக்ஜாம் புயல் வந்த டிசம்பரையும் பார்த்தவர்கள் ஐபி 67 என்ற எழுத்துகளை நம்பிக் கார் வாங்குவதில் வியப்பில்லை. அதன் பொருள், தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் தரும் அளவுக்கு நீர் உள்ளே போகாது என்பதுதான். சோதனை நடப்பது புதிய மோட்டாரில், நல்ல தண்ணீரில். தெருவில் நிற்பது சாக்கடை கலந்த வெள்ளம். காரின் சீல்களோ ஐந்தாறு வருட வெயில் கண்டவை. சூடாக இருக்கும் மோட்டார் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருந்து நீரை உறிஞ்சப் பார்க்கும். இதைத் தடுக்கவே காற்றை விட்டு நீரை விடாத சவ்வு வால்வு வைக்கிறார்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டால் பயனில்லை. வெள்ளத்தில் ஒரு நாள் நின்ற காரை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று உயிர்ப்பிக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் இன்சுலேஷன் தடையை அளக்க வேண்டும். ஐ.நா. விதி 100இன்படி ஏசி சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் இருக்க வேண்டும். 320 வோல்ட் அமைப்புக்கு 1,60,000 ஓம்.

சாலையில் வண்டியை நிறுத்திவிடும் கோளாறுகளில் பெரும்பங்கு மோட்டாருக்கு வெளியே இருக்கிறது. 2022 ஏப்ரலில் டெஸ்லா சீனாவில் 1,27,785 மாடல் 3 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் பின்பக்க மோட்டாரின் இன்வெர்ட்டரிலிருந்த குறைக்கடத்திகள். அதே ஆண்டு ஃபோர்டு 48,924 மஸ்டாங் மாக்-இ கார்களை அழைத்தது. அங்கே சிக்கல் பேட்டரியின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முதன்மைக் கான்டாக்டர். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி 2024இல் நடுவழியில் நின்ற வண்டிகளைக் கணக்கெடுத்தபோது, இரண்டு முதல் நான்கு வயதான மின்கார்களில் ஆயிரத்துக்கு 4.2 வண்டிகளும், எஞ்சின் கார்களில் 10.4 வண்டிகளும் உதவி கேட்டிருந்தன. இரண்டிலும் முதல் குற்றவாளி சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஆனால் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023இல் மின்கார்களில் எஞ்சின் கார்களைவிட 79 சதவீதம் அதிகப் பிரச்சினைகள் இருப்பதாகவும், 2024இல் அது 42 சதவீதமாகக் குறைந்ததாகவும் சொன்னது. இரண்டும் முரண் அல்ல. முன்னது வண்டி நின்றுபோனதை எண்ணுகிறது. பின்னது திரை உறைவது, சார்ஜ் ஏறாதது, கதவு சரியாக மூடாதது வரை உரிமையாளர் சொல்லும் குறைகளையெல்லாம் எண்ணுகிறது. மோட்டாரின் ஆயுளை அறிய விரும்புகிறவர் முதல் கணக்கையே பார்க்க வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தவறவிடக் கூடாதவை. கூலன்ட்டின் அளவையும் தன்மையையும் கையேடு சொல்லும் காலத்தில் பார்க்க வேண்டும். கையேட்டில் சொன்ன வகையைத் தவிர வேறு எதையும், குழாய்த் தண்ணீரை நிச்சயமாக, ஊற்றக் கூடாது. பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயைப் பல நிறுவனங்கள் ‘வாழ்நாள் முழுவதும் போதும்’ என்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. புதிய பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்போது நுண்ணிய உலோகத் தூள் உதிரும். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் எண்ணெயை ஒருமுறை மாற்றும் செலவு ஒரு பேரிங்கின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. வாரண்டி காலத்தில் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்திலேயே கேட்டு இதைச் செய்துகொள்ளலாம். சத்தத்தைக் கவனியுங்கள்: வேகத்தோடு கூடிக்குறையும் முனகல், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மாறும் ஊளை இரண்டையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு போனால் சர்வீஸ் மையத்தில் வாதம் செய்ய வேண்டியிராது. வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. நிரந்தரக் காந்த மோட்டார் சக்கரத்தோடு சுழன்றால் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும். அது இன்வெர்ட்டரைக் கெடுக்கக்கூடும். முழு வண்டியையும் தூக்கி வைக்கும் லாரிதான் வழி.

கடைசியாக, பழுதுபார்க்கும் உரிமை. காயில் கட்டும் பட்டறை இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கைத்திறன் மின்கார் மோட்டாருக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய மோட்டார்கள் பலவற்றில் வட்டக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செவ்வகச் செம்புக் கம்பிகளை ஹேர்பின் போல வளைத்துச் செருகி, முனைகளை லேசரால் பற்றவைக்கிறார்கள். கையால் திரும்பக் கட்ட முடியாது. காந்த ரோட்டாரை வெளியே இழுக்கத் தனிச் சாதனம் வேண்டும், விரல் நசுங்கும் அளவுக்கு அதன் இழுவிசை. ஆனால் பேரிங், சீல், ரோட்டாரின் நிலையறியும் உணரி, கூலன்ட் பம்ப் இவற்றை மாற்றுவது பயிற்சி பெற்ற பட்டறைக்கு எட்டாத வேலை அல்ல. அமெரிக்காவில் பழைய மாடல் எஸ் தொகுதிகளைத் தனிப் பட்டறைகள் திறந்து, ரோட்டாருக்குப் போகும் கூலன்ட் பாதையை அடைத்து, புதிய பேரிங் போட்டுத் திரும்ப ஓடவைக்கின்றன. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. மின்கார் நிறுவனங்கள் அதில் போட வேண்டியது வாடிக்கையாளர் சேவை எண்ணை மட்டுமல்ல. பேரிங்கின் எண், சீலின் அளவு, இன்சுலேஷன் சோதனை முறை, எண்ணெயின் தரம், தொகுதியைத் திறந்து மூடும் வரிசை, இவை எல்லாம்தான்.

அதற்கு அதிக அவகாசம் இல்லை. 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த முதல் நெக்ஸான் மின்கார்களின் மோட்டார் வாரண்டி எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். 2028 தொடங்கும்போது அவை ஒவ்வொன்றாக வாரண்டியை விட்டு வெளியே வரும். வாடகைக்கு ஓடும் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் அதற்கும் முன்பே வந்துவிடும். அவற்றை இரண்டாம் கையாக வாங்குகிறவர் கேட்க வேண்டியது கூலன்ட் மாற்றிய பதிவு, இன்சுலேஷன் அளவு, வெள்ளத்தில் நின்றதா என்ற விவரம், காலி நெடுஞ்சாலையில் ஜன்னலை ஏற்றிவிட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஓட்டம். அந்த ஓட்டத்தில் பேரிங் முனகினால், மாற்ற ஒரு பேரிங்கின் விலை ஆகுமா, ஒரு முழுத் தொகுதியின் விலை ஆகுமா என்பதைக் கார் நிறுவனங்கள் இப்போதே எழுதித் தர வேண்டும்.